பால் ஊற்றி எரித்த பாம்பு

என் தம்பியைக் கடித்த பாம்பு படமெடுத்தது என்கிறார் ஒருவர். துணையோடு வந்தது என்கிறார் மற்றொருவர். ஆதலால் நான் கண்டவற்றையும், உடனிருந்தோர் பலரிடம் கேட்டு ஒத்துப்போனவற்றையும் மட்டுமே எழுதுகிறேன்.

நாகல் நகரில் தம்பி கட்டிக்கொண்டிருந்த வீட்டின்முன் மணல் குவித்திருந்தார்கள். காலையில் அவன் வெறுங்காலோடு அதன்மேல் நின்று தண்ணீர்க் குழாயை இழுத்தபோது, உள்ளிருந்து ஒரு சிறு பாம்பு கணுக்காலில் கடித்தது. சாண் நீளம், மணல் நிறம். மறுகணமே மணலுக்குள் புதைந்துகொண்டது. கொத்தனார் மண்வெட்டியால் கிளறி அடித்துக் கொன்றார்.

செய்தி கேட்டு நான் போனபோது, தம்பி நாற்காலியில் அமர்ந்து வேப்பிலை மென்றுகொண்டிருந்தான். கசந்தால் விஷம் ஏறவில்லை என்பது அங்கிருந்தோரின் தீர்ப்பு. காலோ வீங்கிக்கொண்டிருந்தது.

"கசக்குதுண்ணே. இன்னும் எம்புட்டுத்தான் திங்கிறது?"

எதிர்வீட்டுக்காரர், மிளகு உறைக்கிறதா என்றும் பார்த்துவிடலாம் என்றார். அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி எறிந்தேன். மருத்துவரிடம் காட்டப் பாம்பைக் கேட்டேன். கொத்தனார் புகைந்துகொண்டிருந்த சாம்பலைக் காட்டினார்.

"நல்ல பாம்பா என்னன்னு தெரியலண்ணே. எதுக்கும் இருக்கட்டும்னு பாலை ஊத்தி எரிச்சுட்டோம்."

நல்ல பாம்பைக் கொன்றவர்கள் செய்யும் சடங்கு அது. இன்னதென்று தெரியாததற்கும் முன்னெச்சரிக்கையாகச் செய்திருக்கிறார்கள். பால் வாங்க ஆள் ஓடியிருக்கிறது. ஆட்டோ அழைக்க ஒருவரும் ஓடவில்லை. கைபேசியில் ஒருவர் எடுத்த காணொளியிலும் கொத்தனாரின் முதுகும் தீயும் மட்டுமே இருந்தன.

மருத்துவமனையில் நான் சாம்பலைப் பற்றித் தொடங்கியதும் மருத்துவர் கையமர்த்தினார். பாம்பு வேண்டியதில்லை, இரத்தமே சொல்லும் என்றார் அந்த அம்மையார். கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த இரத்தம் இருபது நிமிடமாகியும் உறையவில்லை; விஷம் ஏறியதற்கு அதுவே அடையாளம். உடனே நச்சுமுறி மருந்தை ஏற்றினார்கள். பிறகு தம்பியின் பல்லிடுக்கில் பச்சையைக் கண்டு, "இதைத் தின்ன நேரத்துல இங்க வந்துருக்கலாம்ல?" என்றார். அவன் நாக்கால் பல்லைத் துழாவினான்.

மறுநாள் இரத்தம் உறைந்தது. தம்பி பிழைத்துக்கொண்டான், புண் ஆற நெடுநாள் ஆயிற்று. பாலூற்றியதால்தான் பிழைத்தான் என்று கொத்தனார் இன்றும் சொல்கிறார். மறுத்து மறுத்து நான் ஓய்ந்துவிட்டேன்.

சுருட்டை விரியனாக இருக்கலாம் என்பது மருத்துவரின் ஊகம். மணல் கடற்கரைப் பக்கத்தது என்று முதலில் சொன்ன லாரிக்காரர், பின்னர் ஆற்று மணல் என்றார். பாம்பு மணலோடு வந்ததா, எங்கள் ஊரிலேயே அதில் புகுந்ததா என்பது தெரியாது. அது எந்த இனம் என்பதும் தெரியாது.