நாகலெட்சுமி பிடித்த கட்லா

நாகலெட்சுமிக்குக் கோபம் வந்தால், தோட்டத்து வரிசை வீடுகளில் கீழ் லயத்தில் அவள் போடும் சத்தம் மேல் லயம் வரைக்கும் கேட்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கரைக்கு இறங்கி மீன் பிடிப்பாள். பொம்பளை தூண்டில் போடுவதா என்று தொடக்கத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவளிடம் தூண்டில் தடி கிடையாது. பால்மா டின்னில் சுற்றிய தங்கூசிதான். கண்ணாடி போல ஒற்றை இழையாக இருக்கும் நைலோன் நூல் அது. பிசைந்த பாண் ரொட்டி உருண்டையைக் கொக்கியில் குத்தித் தூர வீசிவிட்டு, நூலை விரலில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். சின்ன மீன்கள் தாராளமாகக் கிடைத்தன. தண்ணீர் மேல் புரண்டு முதுகைக் காட்டும் பெரிய கட்லா ஒன்று மட்டும் இரண்டு தடவை இரையைத் தின்றுவிட்டுப் போனது. தூரத்தில் கிடந்த தங்கூசி ரப்பர் போல இழுபட்டதால் மீன் கடித்ததே அவளுக்குத் தெரியவில்லை.

அவளுடைய கொழுந்தன் அழகன் ஆட்டோ ஓட்டுகிறான். விடுதிகளுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போவதும் அவன்தான்.

"என்னா அண்ணி, இன்னும் தங்கூசியக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க? பெரிய மீனுக்கெல்லாம் பின்னல் நூல்தான். தலைமுடி மாதிரி இருக்கும், ஆனா யானையக் கட்டலாம்" என்றான். வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போன நூலில் ஒரு சுற்றைக் கொடுத்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. பல இழைகளைச் சேர்த்துப் பின்னிய அந்த நூல் கொஞ்சமும் இழுபடவில்லை. தண்ணீருக்கடியில் மீன் இரையை முகர்ந்தால்கூட விரலில் தெரிந்தது. அந்த ஞாயிறு கட்லா வந்தது. கடித்தது. அவள் சுண்டினாள். கொக்கி ஏறிவிட்டது.

மீன் ஓடத் தொடங்கியதும் நூல் அவளுடைய வலது கை விரல்கள் இரண்டைக் கத்தி போல அறுத்துக்கொண்டு போனது. அவள் விடவில்லை. அணை கட்டியபோது மூழ்கிப்போன தேயிலை மலையின் கல் அடுக்குகள் இன்னும் அடியில் இருக்கின்றன. நூல் அந்தக் கல்லில் ஒரு தரம் உரசியது. பட்டென்று அறுந்தது. யானையைக் கட்டலாம் என்ற நூல்.

விரல்களுக்குத் தையல் போட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு மலைக்குப் போனவளால் கொழுந்து நிறைய எடுக்க முடியவில்லை. கங்காணி அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் போட்டார். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் அழகனின் ஆட்டோவில் ஏறியபோது, சீட்டுக்குப் பின்னால் தடித்த கையுறைகள் கிடந்ததைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"மீன் புடிக்க வர்றவங்களுக்கு அண்ணி. நூல் கைய அறுத்துரும்ல."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"நீங்க வெறுங்கையால இழுப்பீங்கன்னு நான் நெனைக்கல..."

"வேற எதால இழுப்பேன், பல்லாலயா? வெள்ளைக்காரன் கைக்கு ஒறை போட்டு விடுவ. நான் கொழுந்து எடுக்குற கை, அது அறுந்தா பரவால்லயா?"

பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். பின்னல் நூலை அடுப்பில் போட்டாள்.

காயம் ஆறும்வரை அவளுக்கு வேறு யோசனையே இல்லை. பின்னல் நூலுக்குக் கையுறையும் வேண்டும், கல் இல்லாத தண்ணீரும் வேண்டும். இரண்டும் தன்னிடம் இல்லை. தங்கூசி கல்லில் வழுக்கிக்கொண்டு போகும், மீன் உதறினால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இழுபடுவதுதான் அதன் குறை. தூர வீசினால்தானே இழுபடும்? வெயிலில் காய்ந்த பழைய நூலை எறிந்துவிட்டு, ஹட்டனில் தடித்த புதுத் தங்கூசி வாங்கினாள். தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் முனையில் போய் உட்கார்ந்து, இரையைக் கிட்டத்திலேயே இறக்கினாள்.

கட்லா மாட்டியதும் ஓடவிட்டாள். நூல் கல்லில் உரசியது, சுரண்டியது, ஆனால் அறுந்துபோகவில்லை. மீன் களைத்தபோது அவளுடைய புருஷன் சோலைமலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அவள் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தடித்த படங்குத் துணியை விரித்து அதை அள்ளித் தூக்கினார். ஒரு பிள்ளையின் நீளம் இருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அழகன் மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான். அவள் தங்கூசியை டின்னில் சுற்றிக்கொண்டிருந்தாள். லயம் முழுக்க அன்று மீன் குழம்பு.

மறுநாள் மலையில், பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் சுதர்ஷினி போனை நீட்டினாள். பேஸ்புக்கில் அழகன் மீனோடு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே எழுதியிருந்ததைச் சுதர்ஷினி வாசித்தாள்: "இன்று நான் பிடித்த ராட்சதக் கட்லா. பெரிய மீனுக்குப் பின்னல் நூல்தான். மீன் பிடிக்க விரும்புவோர் அழையுங்கள்."

மீனையும் எடுத்துக்கொண்டான், அவள் விரலை அறுத்த நூலுக்குப் பெயரும் வாங்கிக் கொடுத்துவிட்டான். வேலை முடிந்ததும் நாகலெட்சுமி கூடையைக்கூட இறக்காமல் பஜாரின் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். சுதர்ஷினி பின்னாலேயே ஓடினாள்.

"மீனப் புடிச்சது யாரு? சொல்லுடா."

"அண்ணி, மெதுவா... நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும்!" தழும்பு விழுந்த விரல்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுதான் ஒன் பின்னல் நூலு. இதையும் படம் புடிச்சுப் போடு."

சிங்கள ஆட்டோக்காரர்கள் புரியாமல் பார்த்ததால், எல்லாவற்றையும் சிங்களத்தில் இன்னொரு தரம் சொன்னாள். அவர்களில் ஒருவர் அழகனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அழிச்சிர்றேன் அண்ணி."

"அழிக்காத. மாத்து."

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். மீனைப் பிடித்தவர் என் அண்ணி நாகலெட்சுமி. பிடித்தது தங்கூசியில். கையுறை இல்லாமல் பின்னல் நூலைத் தொடாதீர்கள். சுதர்ஷினி வாசித்துக் காட்டிய பிறகுதான் நாகலெட்சுமி அங்கிருந்து நகர்ந்தாள்.

அடுத்த வாரம் அழகன் வாசலில் வந்து நின்றான். கொழும்பிலிருந்து சிலர் அவளோடு மீன் பிடிக்கக் கேட்கிறார்களாம், அவன் கூட்டி வருவானாம்.

"கரைக்கு வழி கேட்டு அவங்களே வருவாங்க. நீ போ."

"நம்ம தம்பிதானே, விட்டுரு" என்றார் சோலைமலை.

"தம்பிங்கிறதாலதான் ஸ்டாண்டுல கத்துனதோட விட்டேன்."

இப்போதும் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஜாரிலிருந்து ஏற்றத்தில் நடந்துதான் வருகிறாள். அழகன் ஆட்டோவைப் பக்கத்தில் மெதுவாக்குவான். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.