அப்பாவுக்காக முழுகிய ஏரி

இன்று மகளோடு பவேரியாவில் ஒரு மலை ஏரிக்குப் போனேன். கரையில் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய பழைய கிராமத்து வீடுகள்.

படகில் பக்கத்தில் இருந்த ஜெர்மன் பெண்மணி, "முதல்முறை வருகிறீர்களா?" என்று கேட்டார்.

இல்லை. 1986இல் எங்கள் அகதி முகாம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதியில்லை. ஏரி எல்லைக்கு வெளியே.

ஊரில் அப்பாவைச் சுட்டுவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கீரிமலைத் தீர்த்தத்தில் முழுகவேண்டிய மகன் நான் இங்கே. முகாமில் இருந்த நேசன் அண்ணைதான் களவாக இந்த ஏரிக்குக் கூட்டிவந்தார். எள்ளு கிடைக்கவில்லை. பாண் ரொட்டியின் மேலே ஒட்டியிருந்த எள்ளைச் சுரண்டி எடுத்து வந்தோம்.

முழுகிக் கரையேறினால் எதிரே பொலிஸ். "இந்தக் குளிரில் குளியலா?" என்று சிரித்தார்கள்.

"ஓம், குளியல்தான் எண்டு சொல்லு தம்பி. இவங்களுக்கு விளங்கப்படுத்த ஏலாது," என்றார் அண்ணை. ஓம் என்றேன். எல்லை தாண்டியதற்காக ஈரத்தோடு வண்டியில் ஏற்றினார்கள்.

இன்று அந்தப் பெண்மணியிடமும், "முன்பு ஒருமுறை குளிக்க வந்தேன்," என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "பொய் சொல்லாதேங்கோ அப்பா. நீங்கள் எந்தத் தண்ணியைக் கண்டாலும் கரையிலதானே நிப்பீங்கள்?"

அந்த வருடங்களில் அகதியாக வந்தவர்களே, நீங்கள் எந்தத் தண்ணீரில் முழுகினீர்கள்?