வெள்ளை சோபாவும் கிறிஸ்மஸ் தாத்தாவும்

செந்தூலில் கொண்டோ அடுக்குமாடி வீடு வாங்கிய பிறகு எங்களுக்கு அது முதல் கிறிஸ்மஸ். வரவேற்பறையில் புது வெள்ளை சோபா போட்டிருந்தேன். சபையின் கேரல் குழு பாட வரும்போது எல்லாரும் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

வந்தார்கள், கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்து. கிறிஸ்மஸ் தாத்தா வேடம் போட்டிருந்த டேவிட் பிரதரின் சிவப்பு உடுப்பிலிருந்து சாயம் சொட்டியது. நான் வாசலை மறித்துக்கொண்டு, "பிரதர், இங்கேயே நின்னு பாடிடுங்களேன்" என்றேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நெற்றியில் திருநீறோடு சரோஜா அக்கா. "ஐயோ, இப்படி நனைஞ்சிட்டீங்களே! உள்ள வாங்க லா, டீ போடுறேன்" என்று அத்தனை பேரையும் அழைத்துப் போய்விட்டார்.

நானும் அசடு வழிய, கேக் தட்டோடு பின்னால் போனேன். அவர் வீட்டுச் சாமி படங்களுக்குக் கீழே கிட்டாரும் கைத்தட்டலும் அதிர்ந்தன. இயேசுவை வயிற்றில் சுமந்து வந்த மரியாளுக்கும் யோசேப்புக்கும் சத்திரத்தில் இடமில்லை என்று பாடியபோது தலையைத் திருப்பினேன். திறந்திருந்த இரண்டு கதவுகள் வழியே என் சோபா தெரிந்தது. அதில் யாருமில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த பாட்டு எங்க வீட்டுல! அக்கா, நீங்களும் வாங்க. பிரதர், நீங்க சோபாவுலதான் உட்காரணும்!" என்று சத்தம் போட்டேன்.

உட்கார்ந்தார். அந்தச் சிவப்புக் கறை இன்னும் இருக்கிறது. துணி விரித்து மூடலாம் என்கிறாள் மனைவி. நான் விடுவதில்லை. எங்கள் வீட்டில் இயேசு பிறந்த இடம் அதுதான்.