சார்ஜர் வயர் போன வழி

எங்கள் வீடு என்பது அந்தக் கட்டடத்தின் வாசலை ஒட்டிய இரண்டு அறைகளும் சமைக்க ஒரு குசினியும்தான். அப்பா அங்கே போர்த்தியேரே, வாசல் காவலாளி. படி கூட்டுவார், கதவைப் பார்த்துக்கொள்வார், கடிதங்களை வாங்கி வைப்பார். வேலை இருக்கும்வரைதான் அறைகளும். ஆளை நிறுத்திவிட்டு வாசலில் கமரா பூட்டலாம் என்ற கதை அந்த வருடம் குடியிருப்பாளர் கூட்டத்தில் எழுந்திருந்தது. கிளப்பியவர் முதலாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற கப்பல்காரர். கப்பல் தலைவர் என்ற பொருளில் எல்லோரும் அவரைக் கொமந்தாந்தே என்பார்கள்.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி அம்மையார், நாங்கள் சிக்னோரா என்போம், மின்சாரக் கார் வாங்கினார். சார்ஜர் பூட்டும் வேலை, நகரின் பிரான்காச்சோ பகுதியில் மின்வேலைப் பட்டறை வைத்திருந்த என் முதலாளிக்குக் கிடைத்தது. "உன் வீடுதானே, நீயே போ" என்று அனுப்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா அதைப் படியேறுகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

மின் மீட்டர்கள் வாசலில் இருந்தன. கார் நிற்பது கீழே, நிலவறைக் கராஜில். வயருக்கு நேர்வழி கொமந்தாந்தேயின் கராஜ் அறைக்கு மேலாகப் போனது. நான் ஏணியில் ஏறி ட்ரில்லைச் சுவரில் வைத்ததும் அவர் கீழே வந்து நின்றார்.

"இறங்கு! என் தலைக்கு மேலே வயர் வராது என்று உன் அப்பன் எனக்குச் சொன்னான்."

காரைப் பார்க்க வந்திருந்த சிக்னோராவுக்கு முகம் சிவந்தது. "எனக்கு இந்த வழிதான் என்று சொன்னாரே! உங்களுக்கும் சம்மதமாம் என்றார்."

இருவரும் திரும்பி, விளக்குமாற்றோடு நின்ற அப்பாவைப் பார்த்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது எங்கள் ஊர்த் தமிழ் ஆட்களுக்குக் கன்னத்தில் அறைவது மாதிரி. போக முடியாத கல்யாணத்துக்கும் "ஓம், வாறம்" என்றுதான் சொல்லியனுப்புவோம். அப்பா இரண்டு பேருக்கும் தனித்தனியே தலையாட்டியிருக்கிறார்.

"தம்பி, நீ ஏதும் சொல்லன். படிச்சனி எல்லே" என்றார் அப்பா மெல்ல.

"ரெண்டு பேருக்கும் ஓமெண்டு போட்டு இப்ப நான் என்னத்தையப்பா சொல்லுறது?"

"ஆக்கள் வந்து கேக்கேக்கை எப்பிடியடா இல்லையெண்டுறது?"

"எனக்கு விளங்குகிற மொழியில் பேசுங்கள்" என்று கொமந்தாந்தே கத்தினார். "கார் தீப்பற்றினால் முதலில் எரிவது என் அறை."

"உங்கள் சுருட்டு முந்திக்கொள்ளும்" என்றார் சிக்னோரா.

"ஆளுக்கொரு பொய் சொல்ல ஒரு போர்த்தியேரே! கமரா பொய் சொல்லாது" என்றார் கொமந்தாந்தே.

அப்பாவின் கை விளக்குமாற்றை இறுக்கியது. நான் ஏணியிலிருந்து இறங்கினேன். அப்போதுதான் எங்கள் குசினி மூலை நினைவுக்கு வந்தது. பழைய கொதிகலனின் குழாய் போன துளை ஒன்று அங்கிருந்து கராஜுக்கு இறங்குகிறது. கரப்பான் வராமல் அம்மா அதில் துணி அடைத்திருந்தார். அந்த வழி சுற்று, ஆனால் யாருடைய அறைக்கு மேலும் போகாது. சொன்னேன். கட்டட நிர்வாகியிடம் சிக்னோரா தொலைபேசியில் சம்மதம் வாங்கினார்.

குசினியில் அலுமாரியை இழுத்தபோது அம்மா அப்பாவைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் ஓம். எனக்கு மட்டும் வடிவா இல்லையெண்டு சொல்லத் தெரியும்" என்றார். அப்பா அலுமாரியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். வயரை இறக்கி, துளையைச் சுற்றித் தீப்பிடிக்காத பசையால் அடைத்தேன். பின்னேரம் கார் சார்ஜ் ஏறத் தொடங்கியது.

மறுநாள் கடிதம் வாங்க வந்த கொமந்தாந்தே அப்பாவிடம் அமைதியாகக் கேட்டார்.

"வேலையிலிருந்து நீயாக நின்றுகொள்கிறாய் என்று கூட்டத்தில் சொல்லப் போகிறேன். சரிதானே?"

அப்பாவின் தலை பழக்கத்தில் அசையத் தொடங்கியது. பிறகு பாதியில் நின்றது.

"இல்லை, கொமந்தாந்தே" என்றார் அப்பா. "நான் வேலையை விட்டு நிற்கமாட்டேன்."

கொமந்தாந்தே கடிதங்களை வாங்கிக்கொண்டு படியேறினார். அந்தக் கூட்டத்தில் கமராக் கதையை ஒத்திவைத்தார்கள், முடிவெடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நானும் வரவேண்டும் என்று அப்பா சொன்னார்.