முன்பக்கம் மட்டும்

"தம்பி, முன்பக்கம் மட்டும் டை பூசினா எவ்வளவு எடுப்பீங்கள்?"

கணபதிப்பிள்ளை அண்ணை என் சலூனுக்கு வந்த முதல் நாள் கேட்ட கேள்வி இது. நான் அப்போது ஒருவருக்குக் காதோரம் கத்தி வைத்துக்கொண்டிருந்தேன். சிரித்தால் கை ஆடும் என்று கத்தியை எடுத்துவிட்டுத்தான் சிரித்தேன்.

"என்னண்ணை கதை இது? நாளைக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் வழிச்சா அரைக்காசோ எண்டும் கேப்பீங்கள் போல கிடக்கு."

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பகிடி இல்லைத் தம்பி, சொல்லுங்கோ" என்று வாசலிலேயே நின்றார்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், இரண்டு கதிரை போட்ட சலூன் என்னுடையது. கண் மங்கும்வரை அங்கேதான் நின்றேன். புதிதாகச் சலூன் தொடங்கும் பிள்ளைகள் சிலர் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கத்தரி பிடிக்கும் விதத்தை நீங்கள் போனிலேயே பார்த்துக்கொள்வீர்கள். அதனால் நான் இந்த ஒரு தலையைப் பற்றி எழுதுகிறேன்.

1. சென்றி கட்

சண்டைக் காலத்தில் சனம் மிச்சம் பிடிக்காத இடம் இல்லை. சோறு, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் பிறகுதானே தலைமயிர்! மாதா மாதம் வந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கினார்கள். மூன்று பிள்ளைகளைக் கூட்டிவந்து இரண்டு பேருக்கான காசில் முடித்துவிடச் சொல்லுவார்கள். "நல்லா ஒட்ட வெட்டிவிடுங்கோ, பொங்கல் வரைக்கும் தாங்க வேணும்" என்பது அந்தக் காலத்துத் தகப்பன்மாரின் வழக்கமான பேச்சு.

வளர்ந்த பொடியன்களுக்கு நான் ஒட்ட வெட்டமாட்டேன். இளவட்டம் ஒருவன் மயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு போனால் சென்றியில், அதுதான் வீதிச் சோதனைச் சாவடியில், அவனை நிறுத்தி வைப்பார்கள். எந்த இயக்கம், எங்கே பயிற்சி என்று கேள்வி வரும். நீளமாக விட்டாலும் சந்தேகம்தான். ஆகவே ஒட்டவும் இல்லாமல் நீளமாகவும் இல்லாமல் ஒரு வெட்டு வைத்திருந்தேன். அதற்குச் 'சென்றி கட்' என்று பெயரே விழுந்துவிட்டது. தகப்பன்மார் முணுமுணுப்பார்கள். "ஒட்ட வெட்டினாக் காசு மிஞ்சும், ஆனாப் பொடியன் வீட்டுக்கு வரமாட்டான். எது வேணும்?" என்று கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

டை விஷயம் வேறு. பாக்கெட்டில் வரும் கறுப்புத் தூளைத் தண்ணீரில் கலக்கிவிட்டால் பிறகு எடுத்து வைக்க ஏலாது. கொஞ்ச நேரத்தில் அதன் வீரியம் போய்விடும். ஒரு பாக்கெட் வாங்க வசதியில்லாதவர்கள் ஞாயிறு காலையில் மூன்று பேராகச் சேர்ந்து வருவார்கள். நான் ஒரே கிண்ணத்தில் கலக்கி மூன்று தலைக்கும் பூசுவேன். முதல் ஆளுக்கு நல்ல கறுப்புப் பிடிக்கும். இரண்டாம் ஆளுக்குப் பரவாயில்லை. மூன்றாம் ஆள் தேத்தண்ணி நிறத் தலையோடு வீட்டுக்குப் போவார். அதனால் முதல் இடத்துக்குச் சண்டை வரும். கடைசியில் கிழமைக்கு ஒருவர் முதல் என்று முறை வைத்தோம்.

2. நரைத்த தலைகள் பின்னுக்கு

கணபதி அண்ணை குச்சவெளிப் பக்கத்து மனிதர். கரைவலை இழுத்துக் காய்ந்த உடம்பு. கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு மனைவி நேசம்மாவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வந்து, சொந்தக்காரர் வளவில் ஓர் அறையில் இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஸ்டோரில் மூட்டை இறக்கும் நாள்கூலி வேலைக்குப் போனார். இடம்பெயர்ந்து ஓடியபோது அவருடைய ஐசி, அதாவது அடையாள அட்டை, தொலைந்து, புதிதாக எடுத்த அட்டையில் வெள்ளைத் தலையும் வெள்ளை மீசையுமாகத்தான் படம் இருந்தது.

தினமும் காலையில் ஸ்டோர் வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். சுப்பவைசர் பார்த்துப் பார்த்துக் கூப்பிடுவார். ஒரு கிழவர் மூட்டையோடு விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகு அந்த மனிதருக்குப் பயம் பிடித்துவிட்டது. "நரைச்ச தலையள் எல்லாம் பின்னுக்குப் போங்கோ" என்பாராம். பின்னுக்குப் போனவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

"ஆளைப் பாக்கிறான் இல்லைத் தம்பி, தலையைத்தான் பாக்கிறான்" என்றார் கணபதி அண்ணை. "மூட்டைக்காரன் நான். தலையில துவாய் கட்டித்தான் நிக்கிறனான். துவாய்க்கு வெளியால தெரியிறது நெத்திப்பக்கமும் காதோரமும்தானே? அதை மட்டும் கறுப்பாக்கினாக் காணும். ஆனா என்னை முதல் ஆளாப் பூச வேணும்."

அன்றைக்கு டைக்குச் சேர்ந்து வந்திருந்த மூன்று பேரும் வாய் பிளந்தார்கள். பிறகு, கிண்ணத்திலிருந்து இரண்டு பிரஷ் இழுப்புப் போனால் என்ன குறைந்துவிடும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

நெற்றி ஓரத்தில் எண்ணெய் தடவி, இரண்டு காதுகளையும் நெற்றியையும் சுற்றி மூன்று விரல் அகலத்துக்குப் பூசினேன். "மீசை?" என்று கேட்டேன். கண்ணாடியில் தன் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடர்ந்த, அழகான மீசை. "வழிச்சுவிடுங்கோ. அதுக்கும் டை போட வசதியில்லை" என்றார். வழித்தேன். மேலுதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் முதல் வரிசையில் அவரைக் கூப்பிட்டார்களாம். அடுத்த தடவை வந்தபோது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். சலூனில் அவருக்கு 'முன்பக்கம்' என்று பெயர் வைத்தோம். "முன்பக்கம் வருது, வழி விடுங்கோ" என்றால் அவரும் சிரிப்பார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிறு தவறாமல் வந்தார். நேசம்மா அக்காவையும் அப்போதிருந்துதான் தெரியும். கோயிலில் பூசை முடிந்து போகும் வழியில் வாசலில் நின்று, "முடிஞ்சுதோ உங்கட அலங்காரம்?" என்று கேட்பார். வீட்டில் அடுப்பு எரியத் தொடங்கியிருந்தது. அது அவருடைய முகத்தில் தெரிந்தது.

3. துவாய்

ஒருமுறை மூன்றாம் ஆள் வரவில்லை. கிண்ணத்தில் டை மிஞ்சிவிட்டது. "அண்ணை, இருங்கோ, பின்பக்கத்துக்கும் போட்டுவிடுறன். காசு வேண்டாம்" என்றேன்.

"வேண்டாம் தம்பி. சும்மா வாங்கிப் பழகினா அடுத்த முறை கேக்கச் சொல்லும்."

"சென்றியில துவாயைக் கழட்டச் சொன்னா என்ன செய்வீங்கள்? முன்னுக்கு ஒரு ஆள், பின்னுக்கு ஒரு ஆள் மாதிரியல்லோ இருக்கிறீங்கள்!"

"மூட்டை தூக்கிறவன்ர ஊத்தைத் துவாயை ஆர் தம்பி தொடப்போறாங்கள்? அங்க நிக்கிறவங்களுக்கு என்னை நல்லாத் தெரியும்."

அது உண்மைதான். அந்தச் சென்றியில் நின்றவர்கள் தினமும் அவரைப் பார்க்கிறவர்கள். கையைக் காட்டிவிட்டுப் போவார். மிஞ்சிய டையை நான் பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானில் ஊற்றிக் கிண்ணத்தைக் கழுவினேன்.

பிறகு ஒருநாள் பட்டணத்தில் எங்கோ குண்டு வெடித்தது. பின்னேரம் சென்றியில் நின்றவர்கள் எல்லோரும் புது ஆட்கள். வேலை முடிந்து வந்தவர்களை வரிசையில் விட்டார்கள். அவரோடு வேலை செய்த யோகன் மறுநாள் காலை சலூனுக்கு வந்து சொன்னான்.

"தொப்பி, துவாய் எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்கள் அண்ணை. கணபதி அண்ணை கழட்டினார். ஒருத்தன் தலையைப் பாத்திட்டு மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். முதல்ல சிரிச்சாங்கள். பிறகு ஐசியை வாங்கிப் பாத்தாங்கள். ஐசியில வெள்ளைத் தலை, மீசை. ஆளுக்கு மீசை இல்லை, பாதித் தலை கறுப்பு. அதோட சிரிப்பு நிண்டுட்டுது. வேசம் போட்டுக்கொண்டு வந்தவன் எண்டு ஜீப்பில ஏத்திப் போட்டாங்கள்."

4. முகாம் வாசலில்

நேசம்மா அக்கா அழுதுகொண்டு வரவில்லை. நேரே கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, நீங்கள்தானே பூசினீங்கள்? வந்து சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவினம்" என்றார்.

டை பாக்கெட்டையும் பிரஷையும் கிண்ணத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவரோடு இராணுவ முகாமுக்குப் போனேன். வெயிலில் நெடுநேரம் நின்ற பிறகு ஓர் அதிகாரி வெளியே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கடை வைத்திருப்பதால் எனக்குச் சிங்களம் ஓரளவு வரும். பாக்கெட்டைக் காட்டி, பிரஷைக் காட்டி, என் தலையிலேயே விரலால் கோடு போட்டு இவ்வளவுதான் பூசினேன் என்று காட்டினேன்.

"ஏன் பாதி?" என்று கேட்டார்.

"சல்லி நே, சேர்" என்றேன். காசு இல்லை.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காசு இல்லாதவன் டை பூசாமல் விடுவான், காசு உள்ளவன் முழுக்கப் பூசுவான், பாதித் தலைக்கு யார் பூசுவான் என்று கேட்டார். ஸ்டோர் வரிசையையும் துவாயையும் சுப்பவைசரையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை மாதிரிக் கேட்டது. எங்கள் சலூனில் பகிடியாக இருந்த விஷயம் அந்த வாசலில் பொய்யாகிவிட்டது.

கடைசியாகச் சொன்னேன்: "சேர், கொஞ்ச நாள் வைச்சுப் பாருங்கோ. அடியிலயிருந்து வெள்ளையாத்தான் முளைக்கும். முளைக்கிற மயிருக்கு ஆராலும் வேசம் போட ஏலாது."

"ஹரி, பலமு" என்றார். சரி, பார்ப்போம் என்று அர்த்தம். திரும்பி உள்ளே போனார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாப்பமெண்டு சொல்லியிருக்கிறார் அக்கா" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

அடுத்த கிழமை அக்கா தனியாகப் போனபோது, அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை, வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்களாம். எந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை.

5. முடி வளரும் கணக்கு

அதன் பிறகு அக்கா அடிக்கடி சலூனுக்கு வந்தார். ஆம்பிளைகள் இருக்கும் இடம் என்று உள்ளே வரமாட்டார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கத்தரியை வைத்துவிட்டு வெளியே போவேன்.

"தம்பி, இப்ப அடியில வெள்ளை வந்திருக்குமோ?"

"ஓம் அக்கா. வந்திருக்கும்."

"அவையள் கண்டிருப்பினம், என்ன?"

"காணாமல் இருப்பினமோ?"

அதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாள் கழித்து வந்து, மயிர் மாதத்துக்கு எவ்வளவு வளரும் என்று கேட்டார். அரை அங்குலம் என்று விரலில் காட்டினேன். அந்த விரலைத் தன் விரலால் அளந்துகொண்டார். என் தொழிலில் எனக்குத் தெரிந்த கணக்கை வைத்து அந்த மனுசி நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் வந்தார். கடையில் கூட்டம் இல்லை.

"அங்க முடி வெட்டிவிடுவினமோ, தம்பி?"

"வெட்டுவினம் அக்கா. கனபேர் இருக்கிற இடம், பேன் பிடிக்கும். வெட்டாமல் விடமாட்டினம்."

எனக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. அவர் கேட்ட முகத்துக்கு அதைத்தான் சொல்ல முடிந்தது.

"வெட்டினா அந்தக் கறுப்பு எல்லாம் போயிருக்கும்."

"ஓம் அக்கா, போயிருக்கும்."

"மீசையும் வளந்திருக்கும். ஐசியில உள்ளமாதிரியே இருப்பார்."

"ஓம் அக்கா."

"அப்ப ஏன் தம்பி இன்னும் விடேல்லை?"

நான் கையிலிருந்த சீப்பைத் துடைத்துக்கொண்டே நின்றேன். "சரி, நீங்கள் வேலையைப் பாருங்கோ" என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வீதியில் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் மயிரைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

கணபதி அண்ணை வரவில்லை. சண்டை முடிந்தது, சென்றிகளை எடுத்தார்கள். அவர் எங்கே என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மூத்த மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளைக்குச் சவரம் செய்ய என்னைத்தான் கூப்பிட்டார்கள். முடித்துவிட்டு வரும்போது நேசம்மா அக்கா வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றார். "அவர் இருந்திருந்தா எண்டு சொல்லாதேங்கோ தம்பி, ஆரும் அப்பிடிச் சொன்னா எனக்குக் கோபம் வருது" என்றார். நான் தட்டைத் தொட்டுக் கும்பிட்டேன்.

இப்போது பிள்ளைகள் ஸ்டைலுக்கு முன்பக்கம் மட்டும் கலர் அடிக்கிறார்களாம். அடியுங்கள், நல்லாய் இருக்கட்டும். ஆனால் வேலை தேடும், வயதுபோன ஒரு மனிதர் வாசலில் நின்று, இந்தப் பக்கம் மட்டும் பூசினால் எவ்வளவு என்று கேட்டால், முதலில் சிரிக்காதீர்கள். கேட்ட காசை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத் தலைக்கும் பூசட்டோ என்று கேட்கவேண்டாம். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ, டை கண்ணில் பட்டால் எரியும் என்று சொல்லுங்கள். அவர் கண்ணை மூடியதும் முழுத்தலைக்கும் பூசிவிடுங்கள்.