பெட்டியின் உட்புறம்

இன்று மாலைக்குள் பதினொரு பணிநீக்கக் கடிதங்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒன்பதாவது கடிதம் எனக்கு. ரப்பர் விலை விழுந்தபின் எங்கள் கிள்ளான் நகரக் கம்பெனிகளில் இது புதிதல்ல. என் வீட்டில் நாலு வாய். மேசைக்கடியில் யாரோ தையல் மெஷின் மிதிப்பதாக நினைத்துப் பியூன் முனியன் குனிந்து பார்த்தான். ஆடியது என் தொடை.

அந்நேரம் பக்கத்துக் கடையில் பலகை இழைத்தார்கள். மரவாசனை என்னை நான் சிறுவயதில் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸுக்கு இழுத்துப் போனது.

அங்கே அப்பா சவப்பெட்டி செய்தார். காய்ச்சலில் சாகும் தோட்டக் கூலிகளுக்கான மலிவுப் பெட்டிகள். அளவு பார்க்கிறேன் என்று ஒருநாள் நான் ஒன்றில் படுத்துக்கொண்டேன். அம்மா அலறியபடி விளக்குமாற்றால் உயிர்ப்பித்தாள். முதுகில் ஒரு சிராய்கூடக் குத்தவில்லை. உட்புறத்தை அப்பா அவ்வளவு வழவழப்பாக இழைத்திருந்தார்.

பெட்டி வாங்க வந்த தோட்டக் கங்காணி சிரித்தார்.

"அந்தோணி, செத்தவனுக்கு முதுகு அரிக்குமாய்யா? ஆணிய அடிச்சுக் குடு, வண்டி நிக்குது."

அப்பா இழைப்புளியை நிறுத்தவில்லை. "கடைசித் தீர்ப்பு நாள்ல இதத் தொறக்கப்போறது நீங்க இல்ல, கங்காணியாரே. ஆண்டவரு. என் வேலய அவரு பாப்பாருல்ல?"

"அண்ணே, ஒங்க லெட்டரு கோணலா இருக்கே," என்றான் முனியன், என் டைப்ரைட்டரை எட்டிப் பார்த்து. "விடுங்கண்ணே, வீட்டுக்குப் போறவனுக்கு எப்படி இருந்தா என்னா?"

முதல் எட்டும் அப்படித்தான் இருந்தன, வரி கோணி, வியர்வையில் மை அப்பி. ஒன்பதையும் கிழித்தேன். புதுத் தாளைச் செருகி, முதல் ஆளின் பெயரை நிதானமாக அடிக்கத் தொடங்கினேன்.