மணி அடித்தால் உட்காரும் கோவில்

என் மகளைத் திருப்பித் தந்த மாதாவுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன், அன்பானவர்களே. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருப்பூரை ஒட்டிய பெருமாநல்லூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறேன்.

போன வருடம் மாதா பிறந்தநாள் திருவிழா. பொங்கலூர் பக்கம் வாய்க்கால் ஓரம் இருக்கும் பழைய கோவிலுக்கு, வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். பிள்ளைகள் கூட்டத்தில் தவறிவிடக் கூடாது என்று, எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய மஞ்சள் டீ-சர்ட்டை எல்லாருக்கும் போட்டுவிட்டோம். பெரிய புத்திசாலிகள் என்று நினைப்பு! அங்கே போனால் திருப்பூர் ஜனம் அத்தனை பேரும் அதே யோசனையோடு, அதே சரக்கோடு வந்திருக்கிறார்கள்.

தேர் நகர்ந்ததும் நெருக்கடி. மஞ்சள் சட்டை போட்ட பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர்ப் பந்தலில் குனிந்து பார்த்தால் அது பக்கத்து வீட்டுப் பிள்ளை. என் ரோஸியைக் காணோம்.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டு என்ன பயன்? வாய்க்காலிலோ கரை முட்டத் தண்ணீர். "மாதாவே, எம்புள்ளையக் காட்டித் தா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கோவில் உபதேசியார் என்னை மறித்தார். "அழுவாதீங்க அம்மிணி. மணி அடிக்கச் சொல்றனுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "மணியடிச்சு என்னத்துக்குய்யா? அவளுக்குத்தான் காதே கேக்காதே!"

"மணி புள்ளைக்கு இல்லீங்க, சனத்துக்கு. கோவில் படி மேல ஏறி நின்னு பாருங்க."

மணி அடித்தது. மேளம் நின்றது, தேர் நின்றது. மைதானம் முழுக்க ஜனம் அப்படியே தரையில் உட்கார்ந்தது. மஞ்சள் சட்டைகளும் உட்கார்ந்தன. என் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு பார்த்தேன். வாய்க்கால் கரையில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு மஞ்சள் சட்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது. எப்படி ஓடினேனோ தெரியாது. அவளை வாரி எடுத்தபோது அவள் பாதம் ஈரமாக இருந்தது.

அதன்பிறகுதான் உபதேசியார் கோவிலின் கதையைச் சொன்னார். முன்னொரு காலத்தில் கொள்ளை நோய்க்குப் பயந்து ஊர்கள் காலியானபோது, சிதறிய குடும்பங்கள் ஒன்றையொன்று தேடி வந்து சேர்ந்த மேடு அதுவாம். சேர்ந்தவர்களே கல் சுமந்து மாதாவுக்குக் கட்டிய கோவிலாம். நேரமில்லாத நேரத்தில் மணி அடித்தால் யாரையோ காணவில்லை என்று அர்த்தம்; தேடுகிறவர் பார்க்க வழிவிட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். அன்றிலிருந்து இதுதான் வழக்கம்.

அதுவரை நான் மாதாவிடம் ஜெபித்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். ஏன் என் பிள்ளைக்குக் காதைக் கொடுக்கவில்லை என்று தினமும் கேட்பேன். அன்று மணி கேட்ட பிள்ளைகளெல்லாம் உட்கார்ந்தன. கேட்காதவள் மட்டும் நின்றாள், அதனால் கிடைத்தாள். அன்றோடு சண்டையை விட்டுவிட்டேன்.

கேட்டது கிடைக்கவில்லையே என்று மனம் கசந்திருக்கிறீர்களா? நம்பி ஒருமுறை அங்கே வாருங்கள். நடுவில் மணி அடித்தால் மட்டும், தயவுசெய்து, உடனே உட்கார்ந்துவிடுங்கள். படி மேல் எந்தத் தாய் நிற்கிறாளோ.